பொன்னாடைக்கு அடங்காத கழுத்து

எனக்குக் கழுத்தே கிடையாது என்று அம்மா சொல்லுவா. தலைக்குக் கீழே நேரே தோள். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு: இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து மாடுகளைப் போல முட்டித் தள்ளுவது. நான் அதில் முன்வரிசை. மூன்று வருடம் சம்பளத்துக்கு முட்டினேன். அதுவும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் குந்தியிருந்து, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இறங்குகிற ஆள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, என் கழுத்தை ஸ்கான் எடுத்த படத்தைக் காட்டி, அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்றார். கை குலுக்கினார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ஒனிஹங்காவில் ஒரு மண்டபத்தில் நியூசிலாந்துத் தமிழர் கலைவிழா. எனக்குப் பொன்னாடை. அப்பா ஒரு மாதமாக அதையே கதைத்துக்கொண்டு திரிந்தார். புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்கிற இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுசன், அன்றைக்கென்று லீவு போட்டு, தலைக்கு மையும் அடித்திருந்தார். தகனினியில் எங்கட வீட்டில் இருந்து காரில் போகும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “சேர்ட் கையை இறக்கி விடு, தம்பி” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மேடையில் அறிவிப்பாளர் முழங்கினார். “நியூசிலாந்து நாட்டு அணிக்கு விளையாடுற எங்கட பெடியன்!”

ஐயோ! நாட்டு அணியின் ஜேர்சியை நான் கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி. அப்பாவைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், என் கண்ணைக் கண்டதும் கைப்பேசிக்குப் பின்னால் முகத்தை ஒளித்தார். இந்தக் கதையைக் கட்டிவிட்டது யாரென்று விளங்கிவிட்டது. எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. சங்கத் தலைவர் எக்கி எக்கிப் பொன்னாடையைப் போட, அது வழுக்கி வழுக்கி விழ, சனம் சிரிக்க, நான் மைக்கை வாங்கினேன்.

“நான் நாட்டு அணியில இல்லை. இனி எந்த அணியிலயும் இல்லை. நேற்று என்னை நிப்பாட்டிப் போட்டினம்.”

அறிவிப்பாளர் மைக்கைப் பறித்தார். “பாத்தியளே, என்ன தன்னடக்கம்! நிறைகுடம் தளம்பாது!”

கைதட்டு அதிர்ந்தது. ஒரு மாமி கண்ணைக்கூடத் துடைத்தா. உண்மையைச் சொல்லி அதற்கும் கைதட்டு வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

தட்டாதவர் ஒரே ஒருவர். அப்பா கைப்பேசியை மடியில் வைத்துவிட்டார். அத்தனை சனத்துக்குள் நான் சொன்னதை நம்பியவர் அவர் மட்டும்தான்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அப்பா இறங்கவில்லை.

“நான்தான் அவையளுக்குக் கூட்டிச் சொன்னனான். பிழைதான்.” ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். “உனக்கு நேற்றுக் காலமையே தெரியுமோ?”

“ஓம், அப்பா.”

“ராத்திரி ஒரு மேசையிலதானே சாப்பிட்டனாங்கள். எனக்குச் சொல்லாமல் மைக்குக்குச் சொன்னனீ.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மடியில் கிடந்த பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

“என்னத்துக்காம் நிப்பாட்டினவங்கள்?”

“கழுத்து.”

அவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். “நோகுதோ, தம்பி?”

எனக்கு ஓம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.