வைஜயந்தியின் புடவைச் சீட்டு

வைஜயந்தி சீட்டுக்கட்டு வரைந்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாடிவீட்டுக்காரி நான், கூடவே இருந்தவள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

தொண்ணூற்றாறில் வானவடி ராணுவக் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீடு அவளுடையது. மேஜர் அச்சுதனின் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஐந்து ஊர் மாற்றல்; எங்கே போனாலும் அவளுக்கு ‘மிஸஸ் அச்சுதன்’ என்றுதான் பெயர். “ஒரு பொருள்லயாவது என் பேரு அச்சாகணும் சரசா,” என்பாள் என்னிடம். அதற்காகவே லேடீஸ் கிளப் நடத்தும் தீபாவளிச் சந்தைக்கென்று ஒரு சீட்டுக்கட்டு வரைந்தாள். ஐம்பத்திரண்டு சீட்டு, ஐம்பத்திரண்டு புடவை. ஒன்றாம் எண்தான் எல்லாவற்றிலும் உசத்தி; உசந்த புடவை தாழ்ந்ததை வெட்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

படத்துக்கு ஆள் வேண்டுமே! அதிகாரிகளின் மனைவிமார் கூடும் மாதாந்திர லேடீஸ் மீட்டுக்கு யார் எதை உடுத்தி வந்தார்களோ, அதை அப்படியே முகத்தோடு வரைந்துவிட்டாள். வெறும் கேப்டன் பெண்டாட்டியான நான், கல்யாணக் காஞ்சிபுரத்தில் ஒன்றாம் எண். கர்னலின் மனைவி சந்திரிகா மேடம், இஸ்திரி வேலை மிச்சம் என்று எப்போதும் நைலானில் வருவார். அவர் ஐம்பத்திரண்டாம் எண். புருஷன் பதவிப்படி நாற்காலி போடும் இடத்தில் புடவைப்படி எண் போட்டால் உருப்படுமா? பாவி, அது அவளுக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது. ஒன்றாம் எண் ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை.

மீட்டில் ஆடிப் பார்த்தோம். மேடத்தின் சீட்டை நான் வெட்டினேன். சமோசா மெல்லும் சத்தம் நின்றது.

“படமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, மிஸஸ் அச்சுதன்,” என்றார் மேடம். “வரிசைதான் மாறிக் கெடக்குது. சரி பண்ணிட்டீங்கன்னா ஸ்டால் உங்களுக்குத்தான்.”

வீட்டில் அச்சுதன் கெஞ்சினார். “நம்பரைத்தானே மாத்தச் சொல்றாங்க?”

“நைலான் போய் பட்டுப்புடவையை வெட்டுமா? மனசாட்சி வேண்டாமா?” என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே மாற்றினாள், பெயர் அச்சாக வேண்டுமே. மேடம் ஒன்றாம் எண் ஆனார். நான் முப்பத்தெட்டுக்கு இறங்கினேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சீட்டையும் பெட்டியையும் லேடீஸ் கிளப்பே அச்சடித்துக் கொடுத்தது. சந்தையன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. நூறு பெட்டியிலும் கொட்டை எழுத்தில் ‘மிஸஸ் மேஜர் அச்சுதன்’ என்று போட்டிருந்தது.

வைஜயந்தி ஸ்டாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் அந்த வரியை அடித்துவிட்டு, மார்க்கர் பேனாவால் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். அறுபதாவது பெட்டியில் சந்திரிகா மேடம் வந்து நின்றார்.

மேடம் ஒரு பெட்டியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் இவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்.

“அட, உங்க பேரு வைஜயந்திங்களா?” என்றார்.

“ஆமா மேடம்,” என்று சொல்லிவிட்டு, வைஜயந்தி அடுத்த பெட்டியை எடுத்தாள்.