திறந்து பார்க்காத மரப்பெட்டி: தாராவியிலிருந்து செம்பூருக்கு ஒரு நியாயம் கேட்கும் பயணம்

என்னைச் செம்பூர் வரை கிளப்பியது ஒரு வாய்ஸ் மெசேஜ். "சலீம் பாய் அளவு பாக்காம வெட்டிட்டாரு. இனி அவருக்கு வேலை கிடையாது" என்று எங்கள் தோல்காரர் குரூப்பிலேயே போட்டுவிட்டார் செல்வராஜ் அண்ணாச்சி. சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர். இருபது வருடமாகத் தாராவியில் தோல் வெட்டுகிறேன். இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, தைத்து அனுப்பித் திரும்பி வந்த ஆறு உறைகளையும் சாக்கில் போட்டுக் கிளம்பினேன்.

பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியின் சுடாத டம்மிகள் ஆறுக்கு இடுப்பு உறை கேட்டிருந்தார். எங்கள் வேலையில் சாமானைக் காகிதத்தில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சில் ஓட்டி அனுப்புவார்கள். அதன்படி வெட்டுவோம். அவர் அனுப்பிய காகிதம் இரண்டடி நீளம். வெட்டினேன். கட்டிப் பார்த்த ஹீரோவுக்கு முழங்கால் வரை தொங்கியதாம். பழி எனக்கு.

காலை 9.10-க்குப் புறப்பட்டு, சயான் ஸ்டேஷனுக்கு இருபது நிமிட நடை. குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். டிக்கெட் ஐந்து ரூபாய். செம்பூரில் இறங்கும்போது 10.05. அங்கிருந்து குடோன் ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 26 ரூபாய். "சாக்குல என்ன, கிரிக்கெட் பேட்டா?" என்றார் டிரைவர். "ஹீரோவோட இடுப்பு" என்றேன். அவர் சாக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

குடோனில் அண்ணாச்சி ஒரு டம்மியை மேஜையில் எடுத்து வைத்தார். துப்பாக்கி விசித்திரமானதுதான். தோட்டா போடும் இடம் பிடிக்குள் இல்லை, விசைக்கு முன்னால் இருக்கிறது. அசல் துப்பாக்கி என்றால் பத்துத் தோட்டாவை மேலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். ஒன்று சுட்டால் அந்த உதையிலேயே அடுத்தது தானாக ஏறி நிற்கும். பிடி துடைப்பக்கட்டை மாதிரி உருண்டை. அதன் பின்னால், தோளில் வைத்துச் சுட ஒரு மரக்கட்டை சொருகியிருந்தது.

கட்டையைத் தடவினேன். தடித்த முனையில் ஒரு கீல் விரலில் பட்டது. கழற்றித் திறந்தால் உள்ளே குடைந்திருக்கிறது. துப்பாக்கியை விட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. உறையே அந்தக் கட்டைதான். அண்ணாச்சி உறையையும் சேர்த்துப் படம் வரைந்து, உறைக்கு உறை கேட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, இதைத் திறந்து பாத்தியளா?"

"அது கட்டை பாய். கட்டையை யாராவது திறப்பாவளா?"

"எட்டு வருசமா வச்சிருக்கிய. டிபன் பாக்ஸையும் மூடியோடதான் திம்பியளோ?"

துப்பாக்கியோடு வந்த காகிதம் மேஜை டிராயரில் கிடந்தது. எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி, அவரையே படிக்கச் சொன்னேன். நூறு வருடத்துக்கு மேல் பழைய டிசைனாம். சொந்த நாட்டு ராணுவமே முதலில் ஆர்வம் காட்டவில்லையாம். உலகமெல்லாம் போய், சீனாவில் 'பெட்டிப் பீரங்கி' என்று பெயர் வாங்கியதாம். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. அவ்வளவு பெரிய நாடு பெட்டி என்றே பெயர் வைத்திருக்கிறது, செம்பூரில் ஒருவருக்குத் தெரியவில்லை.

"தனியா மன்னிப்பு கேக்கேன் பாய்."

"தனியாவா திட்டினிய?"

குரூப்பிலேயே பேசினார்: "தப்பு என் மேலதான். மூடி இருந்துச்சு, நான் திறக்கல." அசலிலும் அந்தப் பெட்டியைத் தோல்வாரில்தான் தொங்கவிட்டார்கள் என்று காகிதத்தில் இருந்தது. ஆறு உறைகளையும் அங்கேயே வாராக வெட்டிக் கொடுத்தேன். ஹீரோவின் முழங்கால் தப்பியது.

அளவெடுக்கப் போகிறவர்கள் சொந்தப் பென்சில் கொண்டு போங்கள். பதினோரு மணிக்கு மேல் குடோனில் கூட்டம். வரைவதற்கு முன் சாமானைத் திறந்து பாருங்கள். அண்ணாச்சியின் முதல் மெசேஜ் அழிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது என் போனில் பத்திரமாக இருக்கிறது. மெஷினில் உட்காருவதற்கு முன் தினமும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோக்கிறேன்.