நெற்றியில் பூசிய ஸிர்கோனியா

அந்த வெள்ளிக்கிழமை கலிஃபோர்னியாவின் டப்ளினில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பஜனை பாடிய அத்தனை பேர் நெற்றியிலும் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி இருந்தது. தட்டில் வைத்து நீட்டியவள் நான்.

முறையாகச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவுக்கு வருவதற்கு முன்னால் நான் ஊரில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஸிர்கோனியா என்று ஒரு வெள்ளைப் பொடி. எந்தச் சூட்டுக்கும் அசையாத பீங்கான் செய்ய உதவுவது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், மைதாவை விட நைசாகச் சுட்டெடுக்க வேண்டும். கைடு என் தலையில் கட்டிய பிரச்சினை இதுதான். வருஷக்கணக்கில் சுட்டேன். சுட்டதெல்லாம் கட்டி தட்டியது. உலையைத் திட்டினேன், மின்வெட்டைத் திட்டினேன், வாய் சும்மா இருந்ததே இல்லை. நடுவில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு பே ஏரியாவில் வேலை. எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். யாரும் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வரவில்லை. போதும்டா சாமி என்று நானாகத்தான் வந்தேன். வந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் சேர்ந்தேன்.

நான் விட்டதை எடுத்துக்கொண்டவள் என் ஜூனியர், நாமக்கல் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். சில வருஷம் கழித்து அவள் ஃபோன் செய்து, "அக்கா, வந்திருச்சுங்கக்கா. கட்டியே இல்லைங்க" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வயிறும் எரிந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

பொடி வந்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு நைஸ் என்று கருவியில் அளந்து காட்டினால்தான் தீசிஸ் எழுத முடியும். எங்கள் டிபார்ட்மெண்ட் கருவி பழுதாகி, வெளிநாட்டு உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் வரிசை. கைடு வேறு ஓய்வு பெறப்போகிறார். அவர் போனால் அவளை இன்னொருவரிடம் தள்ளிவிடுவார்கள். அந்த மனிதருக்கு இந்த வேலையில் துளி மரியாதை கிடையாது, முதலிலிருந்து வேறு தலைப்பு எடு என்பார். போதாக்குறைக்கு அந்தப் பொடியைச் சுட்ட கையோடு உலையின் சூடேற்றும் கம்பியும் எரிந்துபோயிருந்தது. மறுபடி சுட வழியில்லை. அதனால்தான் என்னைக் கேட்டாள். என் கணவரின் காலேஜ் நண்பர் சன்னிவேலில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தார். "அனுப்புடி, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர் பெட்டியில் நாலு வீட்டுச் சாமான் வரும். அப்படித்தான் மகளின் பிரசவத்துக்காக ஃப்ரீமாண்ட் வந்த ஒரு அங்கிளிடம் அவள் பொடியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, பெயர் ஒட்டிக் கொடுத்தனுப்பினாள். என் கணவர் வியாழக்கிழமை ஆபீசிலிருந்து வரும் வழியில் பையை வாங்கிவந்து சமையலறையில் வைத்தார். நான் பிரித்தது மறுநாள் சாயங்காலம், பஜனைக்கு ஆட்கள் வருகிற நேரத்தில். அப்பளம் இருந்தது, பருப்புப் பொடி இருந்தது, பழனி விபூதிக் கவர் ஒன்று கொழுகொழுவென்று இருந்தது. பாட்டிலைக் காணோம். பையைக் கவிழ்த்து உதறினேன். 'இந்த மனுஷனை நம்பிக் கொடுத்தாளே' என்று அங்கிளை மனசுக்குள் வறுத்தெடுத்தேன். வாசலில் பெல் அடித்தது. விபூதிக் கிண்ணத்தில் பழையது கொஞ்சம்தான் கிடந்தது. கவரைப் பிரித்து அதன் மேலேயே கொட்டிக் கலந்துவிட்டேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. நெற்றியில் வைத்ததும் மூக்கைச் சுருக்கி, "அம்மா, இட் டஸ்ன்ட் ஸ்மெல்" என்றாள். பேசாமல் இரு என்றேன். லிவர்மோர் கோயிலில் எப்போதும் பார்க்கிற ஒரு ஆண்ட்டி, "பளிச்சுனு இருக்கே, கொட்டவே மாட்டேங்குது. எந்தக் கோயில்?" என்று கேட்டார். "பழனி ஆண்ட்டி" என்றேன். வீட்டுக்கும் கொஞ்சம் கொடு என்றார். மற்றவர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். ஊர் விபூதி கொடுக்கிற பெருமை வேறு எனக்கு.

மறுநாள் காலையில் அங்கிளுக்கு ஃபோன் போட்டேன். குரலில் காரம் இருந்திருக்கும். "பாட்டில் எங்க அங்கிள்?"

"பாட்டில் எதுக்கும்மா? வெள்ளைப் பொடியைப் பாத்து கஸ்டம்ஸ்ல பிடிச்சு உள்ள வெச்சுட்டா? நான்தான் கவர்ல இருந்த விபூதிய எடுத்துட்டு அதுல மாத்தினேன். சாமி பிரசாதம்னா எவனும் கேக்க மாட்டான். உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி அனுப்பினேனே."

ஃபோனை வைத்தேன். கணவர் சோஃபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஒரு வாக்கியம் சொல்ல வாய் வலித்ததா, ஒரு பெண்ணின் வாழ்க்கை அது என்று உனக்குத் தெரியாதா என்று மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. அவர் பேப்பரை மடித்துவைத்தார்.

"சொல்ல மறந்துட்டேன். தப்புதான். ஆனா அத்தன வருஷம் அந்தப் பொடியோடயே இருந்தது நீதானே. கையில எடுத்தப்போ உனக்கே தெரியலையா?"

சுருக்கென்றது. ஏனென்றால் லேபில் நான் பெயர் வாங்கியதே அதற்குத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்து, இது அதிகம் சுட்டது, இது ஈரம் போகாதது என்று சொல்வேன். கைடு அதைக் கருவியில் சரிபார்த்துவிட்டுச் சிரிப்பார். அதே விரலால் என் குழந்தை நெற்றியில் தேய்த்திருக்கிறேன். வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாமல், என்னால் ஆயுசுக்கும் சுட்டெடுக்க முடியாத பொடி. என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு வயசுக் குழந்தைக்குத் தெரிந்தது. திட்ட ஆள் கிடைக்காமல் போய் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஊரில் அவளைக் கூப்பிட ஹாஸ்டல் ஃபோன்தான். தள்ளிப்போட்டால் பொய் சொல்லத் தோன்றிவிடும் என்று அன்றைக்கே கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன்.

"பாப்பா வாயில, கண்ணுல போயிடலீங்களே அக்கா?"

"இல்லடி."

"அப்பச் சரிங்கக்கா. கவர் ஓரத்துல ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா, பாருங்க."

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிண்ணத்தில் இருந்ததும் பொட்டலங்களில் போனதும் பழைய விபூதியோடு கலந்தது, உதவாது. கவரைக் குப்பையிலிருந்து எடுத்து, பிளேடால் கீறி, மடிப்பில் இருந்ததைச் சுரண்டினேன். அரைச் சிட்டிகை தேறியது. நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே எடுத்து, பொடி சுத்தமானதான்னு பாக்க இது போதும். எவ்வளவு நைஸ்னு அளக்க ஒரு ஸ்பூனாவது வேணும்" என்றார். எக்ஸ்ரே மட்டும் எடுத்துக் கொடுத்தார். படத்தில் கோடுகள் கத்தி மாதிரி நின்றன. அழுக்கு இல்லை, கலப்படம் இல்லை, விரலில் கட்டியும் தட்டவில்லை. அவள் ஜெயித்திருக்கிறாள் என்பது எனக்கும் நண்பருக்கும் தெரிந்தது. தீசிஸுக்கு அது பத்தாது என்பதும் தெரிந்தது.

உலைக்குக் கம்பி வருவதற்குள் கைடு ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் எதிர்பார்த்தபடியே வேறு தலைப்பு கொடுத்தார். அவள் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நான் அவ்வப்போது ஃபோன் செய்வேன். நலமா என்று கேட்டுவிட்டு ஊரில் மழை உண்டா என்று பேச்சை மாற்றுவேன். அவள் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

2000 பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற ஒய்டூகே பயமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ஜாவா படிச்சு முடிச்சுட்டேனுங்க. டெக்சாஸ்ல ஒரு கன்சல்டிங் கம்பெனி எச்-ஒன் விசா பண்றேங்கறாங்க. உங்களுக்கு ஈமெயில்ல ரெஸ்யூமே அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

திறந்து பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க ஸிர்கோனியா. என்ன கண்டுபிடித்தாள், எப்படிச் சுட்டாள், எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். ஜாவா கடைசிப் பக்கத்தில் ஓரமாக இருந்தது.

"இதெல்லாம் இங்க யாரும் படிக்க மாட்டாங்கடி" என்றேன். "ரிசர்ச்னு பாத்தா, இவ நடுவுல படிக்கப் போயிடுவான்னு நெனைப்பாங்க. எடுத்துடு. ஜாவாவ மேல கொண்டு வா."

"எல்லாத்தையுமாங்கக்கா?"

"எல்லாத்தையும்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். உண்மையும் அதுதான், எனக்கும் யாரோ அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். மறுநாள் புது ரெஸ்யூமே வந்தது. ஒரே பக்கம். அவள் அத்தனை வருஷம் என்ன செய்தாள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வேலை கிடைத்துவிட்டது.

டெக்சாஸில் இர்விங்கில் இறங்கி, அபார்ட்மெண்ட் பிடித்து, முதல் வேலையாக எனக்குத்தான் ஃபோன் செய்தாள். குரலில் அப்படி ஒரு உற்சாகம். ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறது, கூட இரண்டு தமிழ்ப் பெண்கள், டிரைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எல்லாம் உங்களாலதானுங்கக்கா" என்றாள்.

அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன்.