சுவரில் காய்ந்த எஞ்சின்கள்

மகளின் படத்தை ஒட்டலாம் என்று, அப்பா செய்த மர ரயில் எஞ்சின் பொம்மையில் வெளுத்துப்போயிருந்த என் சிறுவயதுப் புகைப்படத்தை ஈரத்துணியால் நனைத்தேன். மைதாப் பசையின் புளித்த வாசனை எழுந்தது. அதோடு, இப்போது இடித்துவிட்ட லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸும், ஒர்க்ஷாப் சங்கும், அதைக் கேட்டு விரையும் சைக்கிள்களும், ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களெல்லாம் ஒரே டப்பாச் சிவப்பைப் பங்குபோட்டு, அவரவர் வீட்டு எஞ்சினுக்குப் பழைய படத்தின் மேலேயே பூசி, பொதுச்சுவர்மேல் வரிசையாகக் காயவைத்து, மறுநாள் எடுத்துப்போய்ப் பிள்ளைகளின் புதுப் படத்தை ஒட்டியதும் நினைவுக்கு வந்தன.

என் படம் பெயிண்ட் தோலோடு உரிந்துவந்தது. அடியில் வேறொரு சிறுமி இருந்தாள்.

"யாரும்மா இது?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "தெரியலையேடி. சுவத்துல காயவச்சப்ப மாறிப்போச்சோ? ஹவ், ஆமா, எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு."

அப்படியானால் அப்பாவின் கை பட்டது என்று இத்தனை வருஷம் நான் துடைத்துத் துடைத்து வைத்தது யாருடைய அப்பா செய்தது? பசை தடவிய மகளின் படம் என் விரலிலேயே காய்கிறது. இந்தச் சிறுமியை மறுபடி மூட மனம் வரவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், இவள் படத்துக்கு அடியில் நான் இருக்கிறேனோ என்னவோ.