பாங்குக்கு முந்திய ஒளு

அலுவலகத்தில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் ஏசிய ஏச்சு வீடுவரை என்னோடு வந்தது. வாசலில் நின்ற மகள்மேல் எரிந்து விழப்போனேன். வாயை மூடிக்கொண்டு குழாயடிக்குப் போய், தொழுகைக்கு முன் செய்வதுபோல முகமும் கையும் கழுவி ஒளு எடுத்தேன். காலில் தண்ணீர் பட்டதும் ஆலங்குடா அகதி முகாமின் கிணறு நினைவுக்கு வந்தது.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்களுக்கு அங்கே ஒரு தென்னங்கிடுகுக் கொட்டில் இருந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கிணறு. ஊரில் மீன்பிடிக்கச் சொந்த வள்ளம் வைத்திருந்த வாப்பா, இங்கே அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். ஏச்சு வாங்கிய நாட்களில் அவர் நேரே கொட்டிலுக்குள் வரமாட்டார். கிணற்றடியில் ஒளு எடுத்து, மணலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வருவார். அப்போது அவர் குரல் தணிந்திருக்கும். கோபம் தணியவும் ஒளு எடுப்பார்கள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது.

ஒருநாள் வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வாப்பா, அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு. தண்ணிய வீணாக்காதீங்க. சனம் நிக்கிது."

"ஓம் மகள்" என்று வாளியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அதன்பின் தொழுகை நேரத்துக்கு மட்டும்தான் அவர் கிணற்றடிக்கு வந்தார். அந்த மாதம்தான் உம்மாவை முதன்முதலாக அடித்தார்.

"தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லல்லயே உம்மா?" என்றாள் என் மகள், குழாயடியில் எனக்குப் பின்னால் வந்து நின்று.

"தெரியும் மகள்" என்றேன்.

வாப்பாவுக்கும் அன்று தெரிந்துதான் இருந்தது.