பூ விரிந்தது, பிள்ளைத்தாய்ச்சி நடக்கவில்லை

மஸ்கட்டிலிருந்து வந்த போன்

ஷைனியின் கையில் பிபி பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து அவள் கணவன் ஆன்றோ.

"சிஸ்டர், ஷைனி இன்னைக்குக் காலையிலேயே நடந்து முடிச்சிட்டா, கேட்டியளா! எனக்க போன்ல இப்பந்தான் பூ விரிஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்."

ஷைனியோ காலையில் துணை சுகாதார நிலையத்தின் கதவு திறந்ததிலிருந்து என் கண் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "நல்லது தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன். வேறென்ன சொல்ல? பிபி போன முறையைவிட ஏறியிருந்தது.

நான் பூதப்பாண்டிக்காரி. கிராம சுகாதார செவிலியர் வேலையில் கடைசி சில வருடங்கள் மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருந்தேன். எல்லார் கையிலும் டச் போன் வந்துவிட்ட காலம். கர்ப்பிணிகள் நடப்பதற்கென்றே ஒரு ஆப் இருந்தது. சாயங்காலம் மணியடித்து ஞாபகப்படுத்தும். அன்றைய நடை முடிந்தால் திரையில் ஒரு பூ விரியும். வெளிநாட்டில் இருக்கும் கணவன் போனிலும் அதே பூ விரியும். எனக்கு அந்த ஆப்பை ரொம்பப் பிடித்திருந்தது. நான் வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளச் சொல்வதை அது தினமும் கோபப்படாமல் சொல்லியது.

ஷைனிக்கு முதல் கர்ப்பத்தில் பிபி ஏறி, ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தப் பிள்ளையாவது கைக்கு வர வேண்டும். டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு மாத்திரையும் கொடுத்து, "மெதுவா நடக்கட்டும், இதயத்துக்கு நல்லது, படுத்தே கிடக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

"உன் போன் எங்கட்டீ?" என்றேன்.

"மாமிட்ட இருக்கு சிஸ்டர். மீன் விக்கப் போவும்போ மாமி இடுப்புல சொருவிட்டுப் போவாவ."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தலையில் மீன் சருவத்தோடு ஊர் ஊராக நடக்கிற மாமியார் இடுப்பில் போன் இருந்தால் பூ என்ன, ஒரு தோட்டமே பூக்கும். அந்த ஆப்பைச் செய்த பிள்ளைகள் எவ்வளவோ யோசித்திருப்பார்கள். எங்கள் ஊர் மாமியாரை யோசித்திருக்க வழியில்லை.

பிலோமி அக்காவின் நியாயம்

அன்று சாயங்காலமே ஷைனி வீட்டுக்குப் போனேன். மாமியார் பிலோமி அக்கா முற்றத்தில் மீன் சருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கவே இல்லை.

"ஏமாத்துனதுதான் சிஸ்டர். அவன் அங்க நிம்மதியா வேல பாக்கட்டும், இவ இஞ்ச சும்மா கெடக்கட்டும்னுதான். மொதப் பிள்ளைக்கு இவ குருசடி வரைக்கும் நடந்து மெழுவுத்திரி கொளுத்திட்டு வந்தா. மறுநாளு பிள்ளைக்கு அனக்கமில்ல, ஒரு அசைவுமில்ல. நீங்க பொஸ்தகத்துல படிச்சிய. நான் கண்ணால பாத்தேன்."

ஷைனி வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை போன அன்றைக்கே, நீ நடந்ததால்தான் போனது என்று மாமியார் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து சோறு, மருந்து, தண்ணீர் என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சில்லை. இது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

"அது நடந்ததால வந்ததில்லக்கா. பிபி ஏறினதால வந்தது" என்றேன்.

அக்கா நம்பவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டாள். "சரி, எந்த வேகத்துல நடக்கணும்? இந்த போனுக்கு இவளுக்க நெஞ்சு எப்பிடி இருக்குன்னு தெரியுமா?"

"அதுக்கு ஒரு கணக்கு இருக்குக்கா. நடக்கும்போ பேச முடியணும், பாட்டுப் படிக்க முடியாது. பேசவே மூச்சு முட்டினா வேகத்தைக் குறைக்கணும். தலவலி, கண்ணு மங்கல், பிள்ளைக்கு அனக்கம் கொறஞ்சா உடனே நிறுத்திட்டு வந்திரணும். நீங்களே கூட நடங்க, பேசிக்கிட்டே போங்க."

அக்கா சருவத்தைக் கவிழ்த்தாள். "நாங்க ரெண்டுபேரும் என்னத்தப் பேச?" என்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "ஜெவமால சொல்லலாமா?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதி சொன்னால் மற்றவர் மறுபாதி சொல்ல வேண்டும். பேச்சில்லாத இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குரல் கொடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கோயில் ரோட்டில்

அக்கா பழைய துணியில் பை தைத்து ஷைனியின் நைட்டியில் வைத்துக் கொடுத்தாள். போன் அதற்குள் போனது. தினமும் ஆப் மணியடித்ததும் இருவரும் கோயில் ரோட்டில் இறங்குவார்கள். பகலெல்லாம் வெயிலில் மீன் சுமந்த கால், வெடித்த குதிகால், மறுபடியும் மருமகளோடு நடக்கும். ஷைனியின் மறுபாதி கொஞ்சம் தாமதித்து வந்தால் போதும், அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் குறைப்பாள். முப்பது வருட வேலையில் இவ்வளவு அழகான கவனிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. பிபி ஒரு நிலைக்கு வந்தது. மாத்திரையும் இருந்தது, நடைதான் குறைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஜெபம் திடீரென்று நின்றது. ஷைனிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். நின்றது அக்காவின் பாதி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மொதப் பிள்ள போனது ஒன்னால இல்ல, மக்களே. எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல. ஆரையாவது ஒராளக் குத்தஞ் சொல்லணும்னு ஒன்னச் சொல்லிட்டேன்."

ஷைனி மாமியாரின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இது நல்லா அனங்குது மாமி, பாருங்க" என்றாள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நிறைமாதத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற அழுகை. ஆன்றோ போனில் விம்மினான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆப் நல்ல பொருள், தாராளமாகப் போட்டுக் கொடுங்கள். போட்டுக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். யாரோடு நடப்பாய் என்று அவளிடம் கேளுங்கள். யாருமில்லை என்றால், இந்த வீட்டில் யாரோடு உனக்குப் பேச்சில்லை என்று கேளுங்கள்.