சிப்பிக்கு ஒத்துக்கொண்ட மீன்

என் மனைவி செல்லக்கிளிக்கு எதையும் முகர்ந்து பார்க்காமல் வாங்கத் தெரியாது. தூத்துக்குடியில் எங்கள் பலசரக்குக் கடைக்கு மூட்டை இறக்க வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். துவரம்பருப்பைக் கைநிறைய அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். பிடிக்கவில்லை என்றால், "அண்ணாச்சி, இத அப்படியே திருப்பிக் கொண்டு போயிருங்க" என்பாள். அதற்குமேல் அந்தப் பருப்புக்காக வக்கீலே வந்து பேசினாலும் நடக்காது. பெயர்ப்பலகையில் உரிமையாளர் தங்கப்பாண்டி என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லக்கிளி ஏரல் பக்கத்துப் பெண். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். போன வருசம் ஒரு விசேஷத்துக்காகத் தருவைகுளம் போனவள், கடற்கரையில் படகு நிழலில் கிடந்த ஒரு நாய்க்குட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளையும் பழுப்புமாக இருந்ததால் சிப்பி என்று பெயர் வைத்தாள். எனக்கு நாய் என்றால் ஆகாது. அதை யார் கேட்டார்கள்?

நாய் எதையும் தின்னும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது சம்பந்தி வீட்டிலிருந்து வந்த ஆள் மாதிரி. பால் வைத்தால் வயிற்றால் போகும். பிஸ்கட் போட்டால் வாந்தி. முட்டை ஆகாது. கோழி தின்றால் உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். பாக்கெட்டில் விற்கிற நாய்த் தீனியை வாங்கினோம், அதிலும் கோழிதான் இருந்தது. தெருவில் எந்தப் புண்ணியவானோ பரோட்டாவைச் சால்னாவில் முக்கிப் போட, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மீன் ஒன்றுதான் கொஞ்சம் தங்கியது. அதையும் நாங்கள் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவித்தான் போட்டோம். கழுவினால் புளியும் மிளகாய் வத்தலும் போய்விடுமா? பாதி நாள் அதுவும் வெளியே வந்தது.

ஒருநாள் நான் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது, செல்லக்கிளி கழுத்தில் துளசி மாலையோடு நின்றாள். சிப்பிக்கு வயிறு நேராக வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம். எங்கள் பக்கத்தில் பிள்ளை வரம் கேட்டு மாலை போடுவார்கள், வேலை கிடைக்கப் போடுவார்கள். நாய்க்கு வயிற்றுப்போக்கு நிற்கப் போட்டவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

"ஏளா, நாய்க்கா மாலை போட்ட?" என்றேன்.

"உசுருதானே. முருகன் மயிலு வச்சிருக்காரு, சேவலு வச்சிருக்காரு. நாய்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிடுவாராக்கும்?"

விரத வீட்டில் மீன் வாசமே வரக்கூடாது. முந்தின நாள் மீன் குழம்பும் பழைய சோறும் இல்லாமல் எனக்குக் காலையே விடியாது. நாயின் வயிற்றுக்காக என் வயிறு காய்ந்தது. துறைமுகத்துச் சாலையில் ஒரு ஓட்டலில் மத்தியானம் மீன் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால், வாசலிலேயே, "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். பருப்பையே முகர்ந்து கண்டுபிடிக்கிறவளுக்கு நான் எம்மாத்திரம்?

சிப்பியும் எங்களோடு சைவமாகிவிட்டது. காரமில்லாமல் சாம்பார் வைத்து, சோற்றைக் குழைத்து அதற்கு ஊட்டினாள். அந்தச் சாம்பாரில் சின்ன வெங்காயத்தை அள்ளி அள்ளிப் போட்டாள். சின்ன வெங்காயம் குளிர்ச்சி, வயிற்றுச் சூட்டைத் தணிக்கும் என்று எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். சிப்பியும் தட்டை நக்கி வைத்தது. வாந்தியும் இல்லை. "பாத்தீங்களா, முருகன் கண்ணத் தொறந்துட்டாரு" என்று கற்பூரம் ஏற்றினாள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. சிப்பி படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. மூத்திரம் கறுத்த டீத்தண்ணி நிறத்தில் போனது. ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சண்முகப்ரியா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. சிப்பியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

"என்னம்மா சாப்பாடு குடுக்கீங்க?"

"சுத்த சைவம் டாக்டரம்மா. சாம்பார் சோறு. குளிர்ச்சிக்குன்னு சின்ன வெங்காயம் நெறையப் போடுதேன்" என்றாள் செல்லக்கிளி, பாராட்டை எதிர்பார்த்து.

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திரும்பினார்.

"வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாதும்மா. பச்சையா இருந்தாலும் வேக வச்சாலும் ரத்தத்த அழிச்சிரும். நமக்கு மருந்து, அதுக்கு விஷம். தெரியாம செஞ்சது, உங்களச் சொல்லி என்ன? இப்ப இதுக்குப் புது ரத்தம் ஊறணும். கோழி, முட்டை ஒத்துக்காதுன்னா மீன் குடுங்க. வெறும் தண்ணியில அவிச்சு, முள்ளு ஒண்ணுகூட இல்லாம, குழைஞ்ச சோத்துல கொஞ்சமா. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். அது வயித்துல தங்கிட்டா பிழைச்சிக்கிடும். தங்கலன்னா கஷ்டம்தான்."

வீட்டுக்கு வந்ததும் செல்லக்கிளி, "என் கையாலயே வெசத்த ஊட்டியிருக்கேன்" என்றாள். அன்று சாயங்காலமே ஓட்டலில் அவித்த மீன் கேட்கலாமா என்றேன். உப்பில்லாமல் எந்த ஓட்டலில் அவிப்பான் என்று அவள் கேட்டாள். நானே அவிக்கிறேன் என்றேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டேன். எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும்.

மாலை போட்டுக்கொண்டு மீனைத் தொட மனம் வராமல், செல்லக்கிளி பக்கத்து வீட்டு டெக்லாவிடம் உதவி கேட்டாள். டெக்லாவின் புருசன் ஜெரால்டு விசைப்படகில் போகிறவர், மீனுக்குப் பஞ்சமில்லாத வீடு. எதெது கூடாது என்று செல்லக்கிளி இரண்டு தடவை சொன்னாள். டெக்லாவும் ஆசையாக அவித்துக் கொண்டுவந்தாள். சிப்பி நாலு வாய் தின்றது. சற்று நேரத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டுச் சுருண்டு படுத்தது.

"உப்புப் போட்டியாளா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"துளிதான்க்கா. சீக்கு விழுந்த சீவன் சப்புன்னு எப்படித் திங்கும்? கவிச்சி அடிக்கப்படாதேன்னு ரெண்டு பல்லு பூண்டும் தட்டிப் போட்டேன்."

டெக்லா அழுதுவிட்டாள். அவளைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்கள் செய்ததைத்தானே அவளும் செய்தாள்?

மறுநாள் காலையில் செல்லக்கிளி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். புறவாசலில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தாள். வாயில்லாச் சீவனுக்காக வீட்டுக்கு வெளியே அவித்துக் கொடுத்தால் விரதத்துக்குப் பழுதில்லை, முடித்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டால் போதும் என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். கழுத்தில் மாலையோடு மீன் மார்க்கெட்டுக்கு வந்தாள். பார்த்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். இவள் கண்டுகொள்ளவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, கிழங்கான் மீன் வாங்கினாள். பஞ்சு போன்ற மீன், காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுப்பார்கள். ஆனால் அதில் மயிர் போல மெல்லிய முள் இருக்கும்.

அவித்து ஆறவைத்து, விரலால் உதிர்த்து உதிர்த்து முள்ளெடுத்தாள். எல்லாம் எடுத்தபிறகு சிப்பியின் பக்கத்தில் தட்டைக் கொண்டுபோனாள். வைக்கவில்லை. அந்த நாயின் வெளுத்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு துண்டு மீனைத் தன் வாயில் போட்டாள்.

"ஏளா, மாலை" என்றேன்.

"தெரியும். விரலுக்குச் சிக்காத முள்ளு நாக்குக்குச் சிக்கும்."

ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு, நாக்கால் துழாவி, எடுத்துச் சோற்றில் பிசைந்தாள். இரண்டு முள் கிடைத்தது. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள். சிப்பி மெல்ல மெல்லத் தின்றது. தட்டு காலியானதும் செல்லக்கிளி உள்ளே போய்க் குளித்து, மாலையைக் கழற்றி முருகன் படத்தில் மாட்டினாள்.

"உனக்குச் சொன்ன வாக்குத் தப்பிட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்யி. அதத் தொட்டுராத" என்றாள். சாமியிடமும் அதே வெடுக்கென்ற பேச்சுதான்.

அன்று பொழுது முழுக்க நாங்கள் இருவரும் கடைக்கு நடுவே மாறி மாறி வீட்டுக்கு வந்து சிப்பியைப் பார்த்துவிட்டுப் போனோம். கக்கவில்லை. சாயங்காலம் இன்னொரு கை சோறு வைத்தாள். அதுவும் தங்கியது. அந்த நாயை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் குளித்துவிட்டுத் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினேன். கோயில் வாசலில் ஒரு துளசி மாலை வாங்கி, சன்னதியில் வைத்துப் போட்டுக்கொண்டு திரும்பினேன். புறவாசலில் மீன் வெந்துகொண்டிருந்தது. செல்லக்கிளி என் கழுத்தைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"நீ விட்ட மிச்ச வெரதத்த நான் இருக்கேன்."

"உங்களால முடியாதுங்க. தெனமும் இந்த அடுப்புல மீன் வேகுமே."

"வேகட்டும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, சிப்பிக்குக் கிழங்கான் மீன் சோறும் எனக்குக் கத்தரிக்காய்ச் சாம்பாரும் எடுத்துவைத்தாள்.